அப்பாவின் தலையணை

டிசம்பர் 28, ஞாயிறு

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும் தயவுசெய்து இந்த வரியோடு மூடிவிடுங்கள். மூட மனம் வரவில்லை என்றால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். பள்ளிக்கூடத்தில் வேண்டாம். பெரிய மாமாவிடம் வேண்டவே வேண்டாம். அம்மா, எடுத்தது நீயாக இருந்தால் கெஞ்சிக் கேட்கிறேன், படித்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

இந்த நோட்டு அப்பாவின் தலையணை உறைக்குள் இருக்கும். எங்கள் வீட்டில் இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. மாலை போட்டவர்கள் தலையணை வைத்துக்கொள்ளக் கூடாது. கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டதிலிருந்து அப்பா ஹாலில் வெறும் பாயில் படுக்கிறார். எனக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை என்பதால் அறையை எனக்குக் கொடுத்துவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். வீட்டில் இருப்பதே இந்த மூன்று இடங்கள்தான். தலையணை என்னிடம் இருக்கிறது. யாரும் தேடவில்லை.

இன்று அப்பா மலையிலிருந்து திரும்பும் நாள். அம்மா நேற்றே மெத்தையை மாடியில் வெயிலில் போட்டுத் தட்டினாள். காலையில் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டாள். "இன்னைக்கிலேர்ந்து நீ ஹால்ல படுத்துக்க பாப்பா" என்றாள். கோவிலில் அப்பா மாலையைக் கழற்றிவிட்டார் என்று பக்கத்து வீட்டுக் கோமதி அக்கா வந்து சொன்னதும் ஓடிப்போய் அரைக் கிலோ கறி வாங்கி வந்தாள். கழுவி, மஞ்சள் போட்டுப் பிசறி வைத்திருந்தாள். ஒன்றரை மாதமாக எங்கள் வீட்டு அடுப்பில் கறி ஏறவில்லை.

அப்பா வந்தார். கறுப்பு வேட்டி இல்லை. பச்சை வேட்டி கட்டியிருந்தார். கழுத்தில் புது மாலை.

"தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்குறதா வேண்டுதல்" என்றார்.

அம்மா கரண்டியோடு நின்றாள். "எப்ப வேண்டுனீங்க?"

"மலையில."

"ஐயப்பங்கிட்ட நின்னுக்கிட்டு முருகனுக்கு வேண்டுனீங்களா?"

"ரெண்டு பேரும் அண்ணன் தம்பிதான தவமணி."

அம்மா கறிச் சட்டியை மூடி, கோமதி அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். தலையிலிருந்த பூவை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டாள். பிறகு பின்வாசலில் நின்று உடுமலைக்கு, பெரிய மாமாவுக்கு, போன் செய்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "பாப்பா பரீட்சை முடியட்டும்ணே. முடிஞ்சதும் நான் அங்கயே வந்துர்றேன். இனிமே இங்க எனக்கு என்ன இருக்கு" என்றாள். அழவில்லை. கடையில் சாமான் சொல்வதுபோல் சொன்னாள்.

அதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். அறை திரும்பவும் எனக்கே கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரவில்லை. வேறு எதுவும்கூட வரவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

வேதியியல் இரண்டாம் பாடம் முடித்தேன். கத்தரிக்காய்ச் சாம்பார்.

ஜனவரி 4, ஞாயிறு

அப்பா காய்கறி டெம்போ ஓட்டுகிறார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஏற்றினால் திருச்சூரில்தான் இறக்குவார். வழியில் எதற்கும் நிறுத்த மாட்டார். முந்திப் போகிற வண்டிக்குத்தான் விலை என்பார். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்ததும் சத்தமாகப் பாட்டு வைப்பார். இப்போது வந்ததும் நேரே குளியலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிடுகிறார். வாளி நிரம்பி வாசல்படிக்கு வழிகிறது.

"சாமி, குளிக்கிறீங்களா, வயலுக்குப் பாய்ச்சுறீங்களா? தண்ணி லாரி வர ஒரு வாரமாகும்" என்று அம்மா கதவுக்கு வெளியே நின்று கத்தினாள். மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். திட்டும்போதும் சாமிதான்.

பின்பக்கச் சுவரில், மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் சிவப்புக் கைப்பிடி போட்ட வால்வு இருக்கிறது. காலையில் அப்பா குளித்து முடித்ததும் அதை அடைப்பது இனி என் வேலை என்று அம்மா சொல்லிவிட்டாள். அவர் வெளியே வரும்வரை நான் சுவரோரம் நின்று காத்திருக்க வேண்டும்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. அப்பா கவசம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 9, வெள்ளி

கோமதி அக்கா தெருவில் எல்லார் முன்னாலும் கேட்டாள். "கறி பஞ்சு மாதிரி இருந்துச்சு தவமணி. அடுத்த மாலை எப்ப போடுறாரு? முன்கூட்டியே சொல்லு, மசாலா அரைச்சு வச்சுக்குறேன்."

அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து, அப்பா கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். காலர், பிறகு கை, பிறகு பை. நான் இருப்பதைப் பார்த்துவிட்டு வாளியில் முக்கினாள்.

இரவு சோறு போடும்போது, "திருச்சூர்ல உங்களுக்கு யாரு சாமி சோறு போடுறது?" என்று கேட்டாள்.

"ஓட்டல்ல."

"ஓட்டலுக்குப் பேரு இருக்கா, இல்ல வெறும் பொட்டு மட்டுந்தானா?"

அப்பா கையைக் கழுவிவிட்டார். சோறு பாதி இருந்தது. அதை நான் கோழிக்குப் போட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அம்மா பொங்கல் வைத்தாள். நான் டெம்போவைக் கழுவினேன். சந்தனம், குங்குமம், கண்ணாடிக்கு மாவிலை.

டிரைவர் சீட்டில் ஒரு துண்டு மூடியிருந்தது. அடியில் ஸ்கூட்டர் டியூப், காற்றடைத்து வளையமாக. அதன்மேல்தான் உட்கார்ந்து ஓட்டுகிறார் போல.

"எதுக்குப்பா இது?"

"சூடு. நீ அதத் தொடாத பாப்பா." சாமி என்று கூப்பிடாமல் அப்பா என்று சொல்லிவிட்டேன். அவர் கவனிக்கவில்லை. ஒரு கையை டெம்போ கதவில் ஊன்றி, ஒரு காலில் பாரம் வைத்து நின்றார். கொஞ்ச நாளாக இப்படித்தான் நிற்கிறார்.

அவர் உள்ளே போன பிறகு சீட்டுக்குப் பின்னால் துடைத்தேன். பழனிப் பஞ்சாமிர்த டப்பா ஒன்று இருந்தது. பசித்தது. திறந்தேன். கறுப்பாக, தார் மாதிரி ஏதோ. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். கசப்பு இன்னும் போகவில்லை. டப்பாவுக்கு அடியில் ஒரு காகித உறை. அதில் மீசைக்காரர் ஒருவரின் படம்.

அந்தப் படம் எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் ஆண்கள் கழிப்பறைச் சுவர் முழுக்க அதுதான். பரம்பரை வைத்தியர், மாதம் இருமுறை லாட்ஜில் சந்திக்கலாம், ரகசியம் காக்கப்படும். அந்தச் சுவர் வந்தால் நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடப்போம். என்னென்ன நோய் என்று கீழே எழுதியிருக்கும். அதை இங்கே எழுத மாட்டேன்.

இருந்த மாதிரியே வைத்துவிட்டேன். அம்மா நினைப்பதுதான் சரி என்று தோன்றியது. பொங்கல் சாப்பிட்டேன். இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். எங்கே போனது என்று தெரியவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

டப்பாவைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா பரீட்சைவரைகூட இருக்க மாட்டாள்.

ஜனவரி 21, புதன்

விலங்கியல் திருப்புதல். மனித இனப்பெருக்கம் பாடம் வந்ததும் மிஸ் பக்கத்தை மொத்தமாகப் புரட்டினார். "இதெல்லாம் வீட்டுல படிச்சுக்கங்க. படம் வரும், பாகம் குறிக்கத் தெரிஞ்சாப் போதும்." பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மிஸ் சாக்பீஸால் எறிந்தார்.

சிறுதேர்வில் அந்தப் படம்தான் வந்தது. சிறுநீர்ப்பைக்குக் கீழே நெல்லிக்காய் மாதிரி ஒரு உருண்டை வரைந்து, அம்புக்குறி போட்டு, புரோஸ்டேட் சுரப்பி என்று எழுதினேன். முழு மதிப்பெண். படம் எனக்கு நன்றாக வரும்.

பிப்ரவரி 2, திங்கள்

அப்பா பழனிக்கு நடந்துபோய்விட்டு வந்தார். காலெல்லாம் கொப்புளம். வந்ததும் பாயில் சுருண்டுவிட்டார். பல் கிட்டித்தது. வீட்டிலிருந்த போர்வை எல்லாவற்றையும் போர்த்தினோம், அப்போதும் நடுங்கினார்.

அம்மா துணியை மடித்து அவர் நெற்றியில் வைத்து, துணிக்கு மேலேதான் கையை வைத்துப் பார்த்தாள். "நெருப்பா கொதிக்குது. பழனிக்குத்தான் போயிட்டு வந்தாச்சே சாமி. மாலையக் கழட்டுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு ஊசி போட்டுக்கிட்டு வரலாம்."

அப்பா கண்ணைத் திறக்காமல் சொன்னார். "கழட்டல. பங்குனி உத்திரத்துக்கும் சேத்துப் போட்டுக்குறேன்னு வேண்டிக்கிட்டேன்."

அம்மா நெற்றித் துணியை எடுத்து மறுபடி நனைத்துப் பிழிந்து வைத்தாள். பிறகு, "சரி சாமி" என்றாள்.

மெடிக்கலில் காய்ச்சல் மாத்திரை வாங்கிவரச் சொன்னாள். நான் திரும்பி வரும்போது போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இல்லண்ணே, பரீட்ச முடியிற வரைக்கும் என்னால தாங்க முடியாது. ஞாயித்துக்கெழம வா. வந்து நீயே கேளு."

பிப்ரவரி 5, வியாழன்

அம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து என் அறையில் வைத்திருக்கிறாள். அவள் இல்லாதபோது திறந்து பார்த்தேன். என் துணி அதில் இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

இதை வரிசையாக எழுத வேண்டும்.

பெரிய மாமா காலையிலேயே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றி, காலைக் கழுவி, மாலை போட்டவர் என்பதால் அப்பாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். அப்பா பாயில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. நேற்றும் லோடு போய்விட்டு வந்தார்.

"சாமி, நான் ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது சாமி."

"கேளுங்க மச்சான்."

"குடும்பஸ்தன் எவனாவது மாலைக்கு மேல மாலை போடுவானா சாமி? கோயில்ல மணியடிக்கிறவரே நடை சாத்துனதும் வீட்டுக்குப் போயிர்றாரு சாமி."

"வேண்டுதல் மச்சான்."

"வேண்டுதலு பழனியிலயா திருச்சூர்லயா? யாரு சாமி அவ?"

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். நான் அறை வாசலில் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். ஒரே வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை.

மாமா சுற்றிலும் பார்த்தார். அப்பாவின் பாய்க்குப் பக்கத்தில் முருகன் படம், திருநீறு, அந்த டப்பா. வண்டியிலிருந்து எப்போது வீட்டுக்குள் வந்தது என்று எனக்குத் தெரியாது. "பூசத்துப் பிரசாதமா?" என்று மாமா எட்டி எடுத்தார். அப்பா கையை நீட்டினார், எழ முடியவில்லை. நான் வாயைத் திறந்தேன். மாமா டப்பாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு பெரிய விரல் நிறைய வழித்து வாயில் போட்டார்.

"த்தூ! என்னய்யா இது? பழனியாண்டவரு வேப்பம்புண்ணாக்குல பஞ்சாமிர்தம் போடுறாரா?"

வாயைத் துடைத்துக்கொண்டே டப்பாவைத் திருப்பினார். அடியில் அந்த உறை ஒட்டிக்கொண்டிருந்தது. மீசைக்காரர். மாமா அதைப் படித்தார். படித்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"பாப்பா, நீ அடுப்படிக்குப் போ."

போனேன். அங்கிருந்தும் எல்லாம் கேட்டது. அதற்குப் பிறகு மாமா சாமி என்று சொல்லவே இல்லை. "டேய், எவகிட்டடா வாங்குன இந்தச் சீக்க? எந்தங்கச்சி கிட்ட வராத வரைக்கும் நல்லதாப் போச்சு" என்றார். அம்மா உட்கார்ந்த சத்தம் கேட்டது. விழுந்ததா உட்கார்ந்ததா தெரியவில்லை.

அப்பா சுவரைப் பிடித்து எழுந்து குளியலறைக்குப் போனார். கதவு சாத்தியது. குழாய் திறந்தது.

"பாத்தியா, பதில் சொல்ல வக்கில்லாம குளிக்கப் போறான். எடும்மா பெட்டிய. இன்னிக்கே கெளம்பு."

அம்மா என் அறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். அடுப்படி வாசலில் நின்று, "நீ பரீட்ச எழுதிட்டு வா பாப்பா. அதுவரைக்கும் கோமதி பாத்துக்குவா" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் அரிசி டப்பா இருக்கும் இடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

நான் பின்வாசல் வழியாக வெளியே போனேன். வால்வின் முன்னால் நின்றேன். தினமும் அப்பா வெளியே வந்த பிறகுதான் அதை அடைப்பேன். தினமும் அந்தச் சுவரோரம் நின்று எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கவசம் இல்லை என்று எனக்கு எப்போதோ தெரியும். கையை வைத்துத் திருகினேன்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் மெலிந்தது. சொட்டானது. நின்றது. பிறகு அப்பாவின் சத்தம் மட்டும் இருந்தது.

அதை எப்படி எழுதுவது? வாய்க்குள் துணியை வைத்துக் கடித்துக்கொண்டு அழுதால் வரும் சத்தம். இடையிடையே சிறுநீர் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம். தண்ணீர் நின்றது தெரிந்தும் அவரால் நிறுத்த முடியவில்லை. "அம்மா, அம்மா" என்று அவருடைய அம்மாவைக் கூப்பிட்டார். பாட்டி நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டாள்.

நான் உள்ளே வந்தேன். மாமா வாசலில் ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையாகவும் நின்றார். "அப்பா குளிக்கல மாமா. ஒண்ணுக்குப் போகும்போது வலியில அழுறது கேக்கக் கூடாதுன்னுதான் தெனமும் கொழாயத் தெறந்துவிடுறாரு" என்றேன். என் குரல்தானா என்று இருந்தது.

அம்மா பெட்டியைக் கீழே வைத்தாள். குளியலறைக் கதவுக்குப் போய்த் தட்டினாள்.

"ஏங்க."

கார்த்திகையிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்கவில்லை.

"ஏங்க, கதவத் தொறங்க."

"தண்ணி நின்னுபோச்சு தவமணி" என்று அப்பா உள்ளேயிருந்து சொன்னார்.

"தண்ணி கெடக்கட்டும். நீங்க தொறங்க."

மாமாதான் கார் பிடித்து வந்தார். ஏறும்போது அப்பாவின் ஒரு தோளை மாமாவும் ஒரு தோளை அம்மாவும் பிடித்திருந்தார்கள். துணி மடித்து வைக்காமல், வெறும் கையால்.

பிப்ரவரி 9, திங்கள்

திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் ஏறுகிறது. நான் பள்ளிக்கூடம் போனேன். கோமதி அக்கா தோசை கொடுத்தாள். எதையும் கேட்கவில்லை.

பிப்ரவரி 11, புதன்

ஃபிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோனேன். அப்பா கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே டாக்டர், அம்மா, அப்பா. நர்ஸ் என்னை வெளியே நிற்கச் சொன்னார். நின்றேன். திரை துணிதான்.

"எத்தன மாசமா இந்த வலி?" டாக்டர்.

"புரட்டாசியிலேர்ந்து சார்."

"ஒண்ணுக்குப் போகும்போது மட்டுமா? வீட்டம்மாவோட சேரும்போது?"

கட்டில் கிறீச்சிட்டது.

"இது வைத்தியம். கூச்சப்பட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. விந்து வெளியேறும்போது வலிச்சுச்சா?"

"கத்திய வச்சு அறுத்த மாதிரி சார். மொதல்ல அங்கதான் ஆரம்பிச்சது. அப்புறம் நாள் பூரா இருந்துச்சு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்ட சார் சொல்றது?"

"அதான் மாலையா?"

"மாலை போட்டா ஏன் தள்ளிப் படுக்குறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க சார்."

அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரி ஆரம்பித்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"வேற எங்கயோ போயி வாங்குன சீக்குன்னு நெனச்சுருவியோன்னு."

"சொல்லாததுக்கும் அதத்தான நெனச்சேன்" என்றாள் அம்மா.

டாக்டர் விளக்கினார். சிறுநீர்ப்பைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது, அதில் கிருமி தங்கி வீங்கியிருக்கிறது, சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது என்றார். இது ஆண்மைக் குறைவு இல்லை, தப்பாக நடந்தால்தான் வரும் என்றும் இல்லை என்றார். "லேகியத்த நிறுத்துங்க. அதுல என்ன கெடக்குதுன்னு விக்கிறவனுக்கே தெரியாது. ஒண்ணுக்க அடக்காதீங்க, வண்டிய நிறுத்திப் போங்க. தண்ணி நெறையக் குடிங்க. காரத்தக் கொறைங்க. வெதுவெதுன்னு டப்புல தண்ணி ஊத்தி அதுல உக்காருங்க, இதமா இருக்கும். மாத்திரை பல வாரம் போடணும். வலி கொறைஞ்சதும் நிறுத்துனீங்கன்னா மறுபடி வரும், இதவிட மோசமா வரும்."

"டியூப் மேல உக்காந்து ஓட்டுறேன் சார். அது தப்பா?"

"அது ஒண்ணுதான் நீங்க உருப்படியா செஞ்சது."

பிறகு குரலைத் தணித்து இரண்டு பேருக்குமாகச் சொன்னார். "அந்த நேரத்து வலியும் போயிரும். கொஞ்சம் லேட்டாப் போகும். அதுவரைக்கும் வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. போகலன்னா என்கிட்ட வாங்க, ஸ்கேன் பாப்போம். லாட்ஜுக்குப் போகாதீங்க."

ஃபிளாஸ்க் கையில் சூடாக இருந்தது. நெல்லிக்காய் அளவு. எனக்கு அந்தப் படம் வரையத் தெரியும். பாகம் குறிக்கத் தெரியும். முழு மதிப்பெண்.

பிப்ரவரி 20, வெள்ளி

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மாலை இன்னும் கழுத்தில் இருக்கிறது. மாமா போனில், "இனிமே எதுக்கு அது?" என்று கேட்டாராம். "அது அவரு இஷ்டம்ணே" என்றாளாம் அம்மா. பெட்டி என் அறையில்தான் இருக்கிறது. காலி பண்ணவுமில்லை, எடுத்துப் போகவுமில்லை. ராத்திரி படிக்கும்போது அதைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன்.

அம்மா சந்தையில் நீல நிறத்தில் பெரிய பிளாஸ்டிக் டப் வாங்கி வந்தாள். கோமதி அக்கா விடவில்லை. "என்னடி, புள்ளையக் குளிப்பாட்டுற டப்பு? இந்த வயசுல விசேஷமா?"

"ஆமா. வளந்த புள்ள. அடம் புடிக்குது" என்றாள் அம்மா.

சாயங்காலம் அப்பா பின்பக்கம் நின்று வால்வைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கெட் எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அன்றைக்கு அடைத்தது நீயா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் சிவப்புக் கைப்பிடியை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார்.

"இது லூசா இருக்கு பாப்பா. தன்னால அடைச்சுக்கும் போல."

"ஆமாப்பா" என்றேன்.

வெள்ளை டேப் சுற்றி முடுக்கினார். லூசாக இல்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பிப்ரவரி 25, புதன்

இன்று அப்பா மாத்திரையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். "வலிதான் கொறைஞ்சுபோச்சே" என்றார். அம்மா என் அறைக்குள் வந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் ஹால் நடுவில் வைத்தாள். அப்பா திரும்பி வந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அம்மா பெட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்தாள். நான் சிரித்திருக்க வேண்டும்.

மார்ச் 1, ஞாயிறு

நாளை முதல் பரீட்சை, தமிழ். பேனா இரண்டு, ஹால் டிக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அப்பா கோவிலுக்குப் போனார். வரும்போது வெள்ளை வேட்டி. கழுத்து வெறுமையாக இருந்தது. மாலை கிடந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"உத்திரம் வரைக்கும்னு வேண்டுனீங்களே" என்றாள் அம்மா.

"முருகங்கிட்ட உள்ளதச் சொல்லிட்டேன். கோவிச்சுக்க மாட்டான்."

அம்மா கறி வாங்க ஓடவில்லை. பூ வைத்துக்கொள்ளவில்லை. "சரி, கை கழுவிட்டு வாங்க" என்றாள். ரசம், அப்பளம். சாப்பிடும்போது அப்பா, "இன்னைக்கும் காலையில கொஞ்சம் எரிச்சல் இருந்துச்சு" என்றார். வெயில் ஜாஸ்தி என்று சொல்வதுபோல் சொன்னார். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நேத்தைக்கு இன்னைக்குக் கொறைவா?" என்று கேட்டாள். "கொறைவுதான்." "அப்ப சரி." நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். யாரும் குழாயைத் திறக்கவில்லை.

படிக்க உட்கார்ந்ததும் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தேன். இல்லை. பயந்து எழுந்தேன். பரணில் இருந்தது, காலியாக, வாய் திறந்து.

இன்றாவது ஏதாவது தோன்றும் என்று காத்திருக்கிறேன். கை மட்டும் குளிர்ந்திருக்கிறது. ஒருவேளை பரீட்சை முடிந்த பிறகு அழுவேன். ஒரேயடியாக.

அடுப்படியிலிருந்து பாயை இழுக்கும் சத்தம் கேட்கிறது. ஹாலுக்குப் போகிறது. அம்மா மெதுவாக ஏதோ சொல்கிறாள். அப்பா சிரிக்கிறார். இருமிவிட்டு மறுபடியும் சிரிக்கிறார். எவ்வளவு நாளாயிற்று.

கதவைத் தட்டுகிறார்கள்.

"பாப்பா, தூங்கிட்டியா? என் தலகாணியக் குடு."

அப்பா. கதவுக்கு வெளியே நிற்கிறார். தலையணை என் மடியில்தான் இருக்கிறது, இந்த நோட்டை எங்கே